வாகை, ஆண், சுமார் இருபது

எடுடா. எடுத்துத் தொலைடா ஜெரோமு. ஒரே ஒரு தடவை எடுத்து "என்னம்மா"ன்னு சொல்லிட்டு வச்சிரு, அதுக்கப்புறம் நான் உன்னைக் கூப்பிட்டா ஏன்னு கேளு. ரிங்கு முழுசா அடிச்சு ஓயுது, உடனே அந்தப் பொம்பளை வந்து "நீங்கள் அழைக்கும் நபர்"னு ஆரம்பிக்கிறா, அவ குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நபராம் நபர். என் மகன்டி அவன். காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு, ஒரு கை கீபோர்டுல, இன்னொரு கையில யாரோட ஆதார் கார்டோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. சாயங்காலம் டாக்டருங்க உக்கார்ற நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டு கவுன்ட்டர் எப்பவும் இப்படித்தான். தவமணி சிஸ்டர் அவசரப் பிரிவுலருந்து போன் பண்ணிச் சொன்னது இன்னும் காதுல ஓடுது. "பிலோக்கா, பைபாஸ் பாலத்துக்கிட்ட பைக் ஆக்ஸிடென்ட். ஆள் யாருன்னு தெரியல. பர்ஸும் இல்ல போனும் இல்ல. ஆண், சுமார் இருபது, கறுப்புச் சட்டை. கையில கட்ட டேக் ஒண்ணும் லேபிள் ஒரு ஷீட்டும் அடிங்க, ரத்தம் எடுக்கணும்." மூஞ்சி எப்படி இருக்கு சிஸ்டர்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்? இத்தனை வருஷத்துல யாரோட மூஞ்சியையும் நான் கேட்டதில்லையே. "மூஞ்சி பூரா ரத்தம்க்கா, கட்டுப் போட்டிருக்கு, பேச்சு இல்ல"ன்னு சொல்லி டொக்குன்னு வச்சிட்டாங்க. பைபாஸ் பாலம். காலேஜ் விட்டு என் மகன் வர்ற வழி. கறுப்புச் சட்டை. காலையில என்ன சட்டை போட்டிருந்தான்? கறுப்பு. சரி, திண்டுக்கல்லுல எந்தப் பய கறுப்புச் சட்டை போடல, வரிசையிலேயே பாரு, அங்க ஒருத்தன், தூணுக்கிட்ட ஒருத்தன், எல்லாம் ஒரே குடோன்லருந்து எடுத்த மாதிரி. இதுக்குப் போய் பயப்படுவியாடி பிலோமினா. பயப்படுறேன். ஆமா, பயப்படுறேன், இப்ப என்ன.

எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். அந்த ரெட்டைக் கதவைத் தள்ளுனா அந்தப் பக்கம்தான் அவசரப் பிரிவு. சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது, வரிசை நிக்குது, டேக் அடிக்காம டாக்டர் ரத்தம் அனுப்ப முடியாதுன்னு எனக்கு நானே காரணம் அடுக்குறேன். எல்லாம் பொய். போனா தெரிஞ்சுபோயிடும். தெரியாத வரைக்கும் அவன் காலேஜ் கேண்டீன்ல உக்காந்து பப்ஸ் தின்னுக்கிட்டு, போனை சைலன்ட்ல போட்டுட்டு, கூட்டாளிகளோட இளிச்சுக்கிட்டு இருக்கான். கதவைத் தள்ளுனா அந்தக் கேண்டீன் இருக்குமோ இருக்காதோ. "ஏம்மா, சீட்டு போடுவியா, இல்ல போன்லயே குடும்பம் நடத்துவியா?"ன்னு முன்னாடி நிக்கிற பெரியவர் கேக்குறாரு. இருங்கய்யா, உள்ள ஒரு உயிர் கிடக்கு, உங்க மூட்டு வலி எங்கயும் ஓடிடாதுன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். பாவம், மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம். முதல்ல இது. புதுப் பதிவு. ஆண். வயசு இருபது. பேரு. பேரு கட்டம் காலியா இருந்தா இந்த மெஷின் ஒரு அடி நகராது, கோர்ட்டுல நிக்கிற மாதிரி பேரு சொல்லு பேரு சொல்லுன்னு கட்டம் சிவப்பாயிடும். ஆள் தெரியாம வர்றவங்களுக்கு இங்க மரத்துப் பேரு வைக்கிறது வழக்கம். முன்னாடி எல்லாம் தெரியாதவர் ஒண்ணு, தெரியாதவர் ரெண்டுன்னு போட்டு, ஒரு பஸ் கவுந்த அன்னைக்கு ஒண்ணு எது ரெண்டு எதுன்னு தெரியாம எல்லாரும் முட்டிக்கிட்டாங்க. அதுலருந்து வேம்பு, புங்கை, மருது, வாகை. பேரு வேற வேறயா இருந்தா கண்ணுக்குத் தெரியும்ல. முதல்ல புளியும் இருந்துச்சு, புளிய மரத்துப் பேரா, பேய் குடியிருக்குற மரம்னு நர்ஸுங்க எல்லாம் சேர்ந்து சண்டை போட்டு அதை எடுக்க வச்சாங்க. இன்னைக்கு முறை வாகை. போன வாரம் மருது போட்ட ஆளு, சொந்தக்காரங்க வந்து நிஜப் பேரு சொல்லி, தேறி, வீட்டுக்கும் போயிட்டாரு. வாகையும் போகும். எடுடா ஜெரோமு. திரும்ப அடிக்கிறேன், ரிங்கு போகுது, போகுது, விரல் தன்னால தட்டுது, பழகின விரல், கண்ணு போன் மேல, என்டரு, இன்னொரு என்டரு, பிரிண்ட்.

பிரிண்டர் ஒரு இழுப்பு இழுத்து முனகுச்சு. ரிப்பன் சூடாகுற அந்த வாடை, பிளாஸ்டிக்கை லேசா வாட்டுன மாதிரி, எனக்கு வீட்டுக்குப் போனாலும் புடவையிலருந்து வரும். வெள்ளைப் பட்டை நாக்கு நீட்டுற மாதிரி நீண்டு வந்துச்சு, பின்னாடியே லேபிள் ஷீட்டு. எடுத்துப் பார்க்கணும். அடிச்சதைக் கையில எடுத்து, பேரு, வயசு, நம்பர் வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் குடுக்கணும், புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான்தான் அதைச் சொல்லித் தர்றேன், படிக்காமக் குடுத்தா கையை ஒடிச்சிருவேன்னு. அதுக்குள்ள ஷபானா ஓடியாந்துருச்சு, அவசரப் பிரிவுல புதுசாச் சேர்ந்த நர்ஸ் பிள்ளை. "குடுங்கக்கா குடுங்கக்கா, சார் கத்துறாரு"ன்னு கண்ணாடி ஓட்டைக்குள்ள கையை விட்டுப் பிடுங்கிக்கிட்டு ஓடிருச்சு. அதோட கையுறையில ரத்தம். அது உரசிக் கண்ணாடியில ஒரு கோடு விழுந்திருக்கு. யார் ரத்தமோ. துணி எடுத்துத் துடைக்கலாம். கை போக மாட்டேங்குது.

காலையில என்ன சொன்னேன். நினைக்காத. நினைக்காதன்னாதான் நினைப்பு வரும். ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போடான்னா, முடி கலைஞ்சிரும்னு கண்ணாடி முன்னாடி நின்னு சீவிக்கிட்டு இருக்கான், வாத்துக்கு லிப்ஸ்டிக் போட்ட கதையா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, கோவம் தலைக்கு ஏறிருச்சு, "எங்கயாச்சும் போய் விழுந்து எந்திரிச்சு வா, அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்"னு சொல்லிட்டேன். எல்லா அம்மாவும் சொல்றதுதான். என் வாயில நூறு தடவை வந்திருக்கும். ஆனா இன்னைக்கு ஏன் சொன்னேன். பெத்தவ வாக்குப் பலிக்கும்பாங்களே. மாதாவே, ஆரோக்கிய மாதாவே, நான் சொன்னதை நீ காதுலயே வாங்காத, அது என் நாக்கு பேசுனது, நான் பேசல. எந்திரிச்சு வான்னுதானே சொன்னேன். விழுந்துன்னு மட்டுமா சொன்னேன், எந்திரிச்சு வான்னும் சொல்லியிருக்கேன், ரெண்டையும் சேர்த்துக் கேளும்மா. குவைத்துல இருக்கிற அவன் அப்பாவுக்கு நான் என்னன்னு போன் பண்ணுவேன். பேசாம இரு பிலோமினா. அடுத்தவங்க யாரு, வாங்க, பேரு சொல்லுங்க, என்ன பண்ணுது, காய்ச்சலா. காய்ச்சல்தான் போன வருஷம் அவனுக்கும். டெங்கு. இதே பிரிண்டர்ல நானேதான் அவனுக்கு டேக் அடிச்சேன், நானேதான் போய் அவன் கையில கட்டுனேன், "என்னம்மா, பார்சல் அனுப்பப் போறியா"ன்னு அந்தக் காய்ச்சல்லயும் சிரிச்சான் பாவி. பொறந்தப்ப ஏது இதெல்லாம், பெரியாஸ்பத்திரியில ஒரு துண்டு பிளாஸ்திரியில பேனாவால எழுதி அந்தச் சின்னக் கையில சுத்தி விட்டாங்க, பிலோமினா ஆண் குழந்தைன்னு. அவனுக்குப் பேரே இல்ல அப்ப. என் பேருதான் அவன் பேரு. வேர்வையில அது அழிஞ்சிருமோன்னு நான் தூங்காம அந்தக் கையையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். என்னங்க? நூத்தி ரெண்டா? சரி, அந்த பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுவாங்க.

மேஜை போன் அடிச்சது. ரத்த வங்கி. முத்துவேலு. நல்ல பையன், டெங்கு சமயத்துல ரத்தத் தட்டணு கிடைக்காம நான் அழுதப்ப மதுரை வரைக்கும் போன் போட்டு வாங்கிக் குடுத்தவன். குரலைத் தணிச்சுக்கிட்டுப் பேசினான். "அக்கா... அவசரத்துலருந்து ஒரு சாம்பிள் வந்திருக்கு. ஜெரோம்னு போட்டிருக்கு. நம்ம ஜெரோமாக்கா?" எனக்குக் காது அடைச்சுப்போச்சு. வரிசையில நிக்கிறவங்க வாய் அசையுது, சத்தம் வரல. பேரு போட்டு வந்திருக்கு. அப்ப உள்ள யாரோ அவனை அடையாளம் கண்டுபிடிச்சுட்டாங்க. தவமணி சிஸ்டருக்கு அவனைத் தெரியும், கட்டை விலக்கிப் பார்த்திருப்பாங்க, பார்த்துட்டு எங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம... ஏசப்பா. என் பிள்ளை. நான் இங்க உக்காந்து நூத்தி ரெண்டுக்கும் நூத்தி மூணுக்கும் சீட்டு போட்டுக்கிட்டு இருக்கேன், சுவத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை கிடக்கான். "அக்கா, இருக்கீங்களா? ஒண்ணு இடிக்குதுக்கா, அதான் கேக்குறேன். இந்த நம்பர்ல போன வருஷம் நாங்க பார்த்தது பி பாசிட்டிவ். இப்ப வந்த ரத்தம் ஓ பாசிட்டிவ் காட்டுது. ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஒரு மனுஷனுக்கு ரத்தம் மாறுமாக்கா? இது யாரோட ரத்தம்னு தெரியாம நான் பாட்டில் குடுக்க முடியாது. நிறுத்தி வச்சிருக்கேன்."

நம்பரா? எந்த நம்பர்? வாகைக்குப் புது நம்பர்ல விழுந்திருக்கும். திரையில இன்னும் கடைசியா அடிச்சது நிக்குது. பார்த்தேன். ஜெரோம். ஆண். இருபது. அப்பா பேரு, எங்க வீட்டு விலாசம், அவன் போன் நம்பர், டெங்குக்குப் படுத்த பழைய நம்பர். நான்தான். உள்ள யாரும் அவனை அடையாளம் காணல, நான்தான். பேரு கட்டத்துல வாகைக்குப் பதிலா என் விரல் அவன் பேரைத் தட்டியிருக்கு, தட்டுன உடனே மெஷின் அவனோட பழைய பதிவை எடுத்து நீட்டியிருக்கு, நான் போனைப் பார்த்துக்கிட்டே என்டர் என்டர்னு போட்டு அவனையே தேர்ந்தெடுத்திருக்கேன். நான் பயந்ததை நானே பிரிண்ட் எடுத்து, நானே குடுத்தனுப்பி, அது சுத்திக்கிட்டு வந்து எங்கிட்டயே சாட்சி சொல்லியிருக்கு. அடியே பிலோமினா! அப்புறம்தான் அது உறைச்சது. ஓ பாசிட்டிவ். உள்ள கிடக்கிறது ஓ பாசிட்டிவ். என் மகன் பி. என் மகன் இல்ல. "அப்பாடா! மாதாவே, கும்பிடுறேன் தாயி!"ன்னு வாய்விட்டுக் கத்திட்டேன், வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிப்பும் வருது. என் மகன் இல்ல, என் மகன் இல்ல, யாரோ. யாரோவா? "அக்கா?"ங்கிறான் முத்துவேலு. "சீக்கிரம் சொல்லுங்கக்கா, டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. யாருக்கும் பொருந்தும்னு அவசரத்துக்கு எடுத்து வச்சிருந்த ஓ நெகட்டிவும் காலையில பிரசவத்துக்குப் போயிருச்சு." நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன், அந்தப் பிள்ளைக்கு ரத்தம் நின்னுக்கிட்டு இருக்கு. என்னாலதான் நிக்குது. டேய் முத்து, தப்பு என்னோடது, அது ஜெரோம் இல்ல, அந்தக் குழாயைத் தூக்கி ஓரமா வையி, புதுப் பேருல புது ரத்தம் வரும், நீ ஓ பாசிட்டிவ் பாட்டிலை எடுத்துத் தயாரா வச்சிருன்னு சொல்லிட்டு போனை வச்சேன்.

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தா. வா. கை. எந்தப் பழைய பதிவும் வரல, நல்லது, புது நம்பர். வாய்விட்டுப் படிச்சேன், வாகை, ஆண், சுமார் இருபது. அடிச்சேன். பட்டை வந்துச்சு. திரும்பப் படிச்சேன். லேபிள் ஷீட்டைக் கிழிச்சேன், கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டேன், எந்திரிச்சேன். "எங்கம்மா கிளம்பிட்ட?"ன்னாரு மூட்டு வலிக்காரர். தப்புப் பண்ணிட்டேன்யா, திருத்திட்டு வர்றேன்னேன். அவரு என்னத்தைக் கண்டாரோ, "போ தாயி, போ"ன்னு வழிவிட்டாரு. அந்த ரெட்டைக் கதவுக்கு முன்னாடி நான் நின்னேன். நிக்கக் கூடாது, தெரியும், நின்னேன். போன வருஷம் குரூப் எழுதுனது தப்பா இருந்தா? அன்னைக்கு ரத்த வங்கியிலயும் இப்படி ஒருத்தி மகனை நெனச்சுக்கிட்டு எதையோ அடிச்சிருந்தா? பி-ன்னு எழுதியிருக்கிறதும் ஒரு லேபிள்தானே. லேபிள்ல இருக்கிறதைத்தானே இந்தக் கட்டடமே நம்புது, லேபிளை அடிக்கிறது என்னை மாதிரி ஒருத்தி. தள்ளு. தள்ளிட்டேன்.

டெட்டால் வாடை. திரை. கறுப்புச் சட்டையை வெட்டிக் கீழ போட்டிருக்காங்க, அதைப் பார்க்கல நான். மூஞ்சி முழுக்க வெள்ளைக் கட்டு, அதையும் பார்க்கல. கையைப் பார்த்தேன். கட்டிலுக்கு வெளியில தொங்குற அந்த வலது கை. மணிக்கட்டுல வெள்ளையா, என் மகன் பேரு. அடுத்த நொடி அந்தக் கை என் மகனோடது இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. உள்ளங்கை காய்ச்சுக் கிடக்கு, கட்டை விரல் நகம் பாதி இல்ல, விரல் சந்துல எல்லாம் பெயின்ட்டு, பச்சை பெயின்ட்டு. வேலைக்குப் போற கை. எங்கயோ இன்னைக்கு ஒரு கேட்டுக்கு பெயின்ட் அடிச்சுட்டுக் கிளம்பியிருக்கான். "என்னங்க இது, பேரு மாறிப்போச்சுங்கிறாங்க, விளையாட்டா?"ன்னு டாக்டர் கத்துனாரு. "என் தப்பு சார். திட்டுங்க, அப்புறமாத் திட்டுங்க. முதல்ல புது ரத்தம் எடுங்க." தவமணி சிஸ்டர் ஒரு பார்வை பார்த்துட்டு ஊசியை எடுத்தாங்க. நான் பழைய டேக்குக்கு அடியில ரெண்டு விரலை விட்டு, தோலுல படாம வெட்டுனேன். ஜெரோமைக் கழட்டி எடுத்துட்டு வாகையைக் கட்டுனேன். "பேரு என்ன?"ன்னு ஷபானா ஸ்கேனரைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குது. வாகைன்னு வாய்விட்டுப் படிச்சேன். பீப்னு கத்துச்சு. குழாயில லேபிளை நானே ஒட்டுனேன், ஒட்டுனதையும் படிச்சேன். ஷபானா ஓடுச்சு. அப்ப அந்தக் கை என் விரலைப் பிடிச்சது. பலமே இல்ல, சும்மா மடங்குச்சு. தம்பி, ரத்தம் வருதுப்பா, இதோ வந்துருச்சுப்பா, கொஞ்சம் தாங்கிக்கோன்னேன். எந்த வாயால சொல்றேன். இவன் என் மகன் இல்லைன்னு நான் கும்பிட்ட வாயால சொல்றேன். பாட்டில் வர்ற வரைக்கும் கையை எடுக்கல நான். வந்துச்சு, டேக்கையும் பாட்டிலையும் மாத்தி மாத்தி ரெண்டு பேரு படிச்சுப் பார்த்து ஏத்துனாங்க. சொட்டு இறங்குறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் வெளியில வந்தேன்.

கதவுக்கு வெளியில வந்ததும் போன் அடிச்சது. ஜெரோம். "என்னம்மா இத்தனை மிஸ்டு கால்? லேப்ல இருந்தேன். ஆமா, எனக்கு ஆஸ்பத்திரியில அட்மிஷன் ஆயிருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன், என்னம்மா நடக்குது அங்க?" இந்தக் குரலுக்காகத்தானே செத்துப் பிழைச்சேன், ஆனா வாயைத் திறந்தா வர்றது வசவுதான். எருமை, கடன்காரா, லேப்ல இருந்தா ஒரு மெசேஜ் போட உன் கை என்ன தேஞ்சா போயிரும். "அழுறியாம்மா?"ங்கிறான். அழல, போடா. பைக்கை அங்கேயே போட்டுட்டு பஸ்ல வா. எதுக்குன்னு கேக்காத. பஸ்ல வான்னா வா. வச்சிட்டேன். கைக்குள்ள அந்த வெட்டுன டேக்கு இன்னும் இருக்கு. வெட்டுன டேக்கை அங்கேயே மஞ்சக் குப்பைத் தொட்டியில போடணும், அதுதான் முறை. அவன் பேரை ரத்தக் கறையோட குப்பையில போட எனக்கு மனசு வரல. மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

சீட்டுக்கு வந்தேன். வரிசை அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு. மூட்டு வலிக்காரரு மட்டும் முன்னாடி இருந்து விலகி, ஒரு பொம்பளையை முன்னால விட்டிருந்தாரு. "இந்தம்மாவை முதல்ல பாரும்மா"ன்னாரு. என் வயசுதான் இருக்கும். ரப்பர் செருப்பு, சீவாத தலை, அடுப்புல இருந்து அப்படியே கிளம்பி வந்த மாதிரி முந்தானையில ஈரம். காதுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு போனை இடுக்கியிருக்கா. எனக்கு இங்க வரைக்கும் கேக்குது, "நீங்கள் அழைக்கும் நபர்." அவ கட் பண்ணிட்டு மறுபடியும் அடிக்கிறா, எங்கிட்டப் பேசிக்கிட்டே அடிக்கிறா. "யக்கா, பாலத்துக்கிட்ட ஆக்ஸிடென்ட்டுன்னு பேசிக்கிட்டாங்க. எம்மகன் அந்த வழியாத்தான் வருவான். போன் எடுக்க மாட்டேங்குறான். இங்க அப்படி யாரும் வரலைல்லக்கா?" வரலைல்லக்கா. வரலைன்னு சொல்லுன்னு கெஞ்சுது அந்தக் கேள்வி. கண்ணாடியில அந்த ரத்தக் கோடு இன்னும் இருக்கு, அவ மூஞ்சிக்கு நேரா. என்ன வேலைம்மா பாக்குறாரு தம்பின்னு கேட்டேன். கேக்காமலே இருந்திருக்கலாம். "பெயின்ட் அடிக்கப் போவான்க்கா. மில்லு கேட்டுக்குப் பச்சை அடிக்கிறோம்னு காலையில சொல்லிட்டுத்தான் போனான்."

கொஞ்ச நேரம் முன்னாடி மாதாவுக்குக் கும்பிடு போட்டேனே, அந்தக் கும்பிடு போய்ச் சேர்ந்த இடம் இது. எந்திரிச்சு, பக்கத்துக் கதவைத் திறந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். அவ காதுலருந்து போனை மெதுவா எடுத்து அவ கையிலயே வச்சு, அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "உயிரோட இருக்கான்மா. ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கு. நான் பார்த்துட்டுத்தான் வர்றேன், என் விரலைப் பிடிச்சான்." அவ என் கையை நெரிச்சா. இரும்மா, உன்னைக் கூட்டிட்டுப் போறேன், நானே கூட்டிட்டுப் போறேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பண்ணணும், வா இங்கன்னு, யாரையும் விடக் கூடாத அந்த உள் பக்கம் அவளைக் கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உக்கார வச்சேன். நான் நின்னுக்கிட்டேன். பேரு கட்டத்துல இருந்த வாகையை எடுத்துட்டேன். கட்டம் காலியாச்சு, சிவப்பாச்சு. "உன் மகன் பேரு சொல்லும்மா. எழுத்து எழுத்தா, நிதானமாச் சொல்லு." அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துல சேர்க்க வந்தவ மாதிரி நிமிர்ந்து உக்காந்தா. "வீரமலை"ன்னா. "சாமி பேருக்கா. வேண்டிப் பெத்தது." தட்டுனேன். பிரிண்டர் முனகி, பட்டை வந்துச்சு, அந்தக் கைக்கு இது மூணாவது. கையில எடுத்தேன், இன்னும் சூடு போகல. அவகிட்டக் காட்டி, ரெண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுப் படிச்சோம்.